வட்டார வளர்ச்சியில் வர்த்தக சபைகளின் பங்கு

தொழில் வளர்ச்சிக்கு மூலதனமும் மூலப்பொருளும் உழைப்பும் இன்றியமையாதவை என்பதை அனைவரும் அறிவர். இவற்றோடு மற்றொன்றும் தேவைப்படுகிறது. தொழில் புரிவோரின் இடர்களை ஆராய்ந்து, ஒழுங்குபடுத்தி, அரசின் முன் எடுத்துரைக்கும் அமைப்பே அது. பத்துப் பேரை வேலைக்கு வைத்து இயந்திர உதிரிப் பாகங்கள் செய்யும் ஒரு சிறு பட்டறைக்கு மின்சாரம் தடைப்படுகிறது. விற்ற பொருளுக்கு உரிய தொகை மாதக்கணக்கில் வந்து சேருவதில்லை. பட்டறைக்குச் செல்லும் சாலை மழைக் காலத்தில் பயன்படுவதில்லை. இந்தக் குறைகளைத் தலைநகருக்குச் சென்று முறையிடப் பட்டறை உரிமையாளருக்கு நேரமும் இல்லை, செல்வாக்கும் இல்லை. அவரைப் போன்ற பலரின் குறைகளைத் திரட்டி ஒரே குரலாக்கும் பணியைத்தான் வட்டார வர்த்தக சபைகள் ஏற்றுள்ளன.

இச்சபைகள் ஒரு குறிப்பிட்ட பிரிவினரின் நலனுக்காக வாதாடுபவை. அதே வேளையில் வட்டாரம் முழுவதன் நலனையும் நாடுவதாகக் கூறிக்கொள்பவை. இவ்விரண்டும் எப்போது ஒன்றுபடுகின்றன, எப்போது வேறுபடுகின்றன என்பதை மாணவர்களும் அரசு அலுவலர்களும் அறிந்திருப்பது பயனுடையது.

தோற்றமும் வளர்ச்சியும்

இந்தியாவில் வர்த்தக சபைகள் துறைமுக நகரங்களில் தோன்றின. கல்கத்தாவில் 1834ஆம் ஆண்டிலும், பம்பாயிலும் சென்னையிலும் 1836ஆம் ஆண்டிலும் இவை நிறுவப்பட்டன. கல்கத்தா சபை 1853இல் வங்காள வர்த்தக சபையாகத் திருத்தி அமைக்கப்பட்டது. ஐரோப்பிய வணிக நிறுவனங்களின் ஆதிக்கத்தில் இருந்த இச்சபைகள் கப்பல் போக்குவரத்து, சுங்க வரி, ரயில் கட்டணம் போன்றவற்றில் அரசுக்கு ஆலோசனை கூறின.

இந்திய வணிகர்களின் நலன் இவற்றில் போதிய இடம் பெறவில்லை என்ற உணர்வு விரைவில் எழுந்தது. 1887இல் கல்கத்தாவில் வங்காள தேசிய வர்த்தக சபையும், 1907இல் பம்பாயில் இந்திய வணிகர் சபையும், 1909இல் சென்னையில் தென்னிந்திய வர்த்தக சபையும் தோன்றின. தென்னிந்திய சபையின் முதல் தலைவராகப் பிட்டி தியாகராயச் செட்டியார் விளங்கினார். 1927இல் ஜி. டி. பிர்லா, புருஷோத்தமதாஸ் தாகூர்தாஸ் ஆகியோரின் முயற்சியால் இந்திய வர்த்தக, தொழில் சபைகளின் சம்மேளனம் உருவாயிற்று.

அக்காலத்தில் நடந்த நாணய மாற்று விகித விவாதம் வர்த்தக சபைகளின் வாதமுறைக்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும். ரூபாயின் மதிப்பை 18 பென்ஸ் என நிர்ணயிக்க வேண்டும் என்று 1926இல் ஹில்டன் யங் குழு பரிந்துரைத்தது. குழுவின் உறுப்பினரான புருஷோத்தமதாஸ் தாகூர்தாஸ் 16 பென்ஸே பொருத்தமானது என்று மாற்றுக் குறிப்பு எழுதினார். ரூபாயின் மதிப்பை உயர்த்தினால் இறக்குமதித் துணி மலிந்து உள்நாட்டு ஆலைகள் பாதிக்கப்படும் என்பது வாதத்தின் ஒரு பகுதி. பருத்தி முதலிய ஏற்றுமதிப் பொருள்களை விளைவிக்கும் உழவருக்கு ரூபாயில் கிடைக்கும் விலை குறையும் என்பது மற்றொரு பகுதி. இந்திய வணிக அமைப்புகள் பலவும் இந்த வாதத்தை ஆதரித்தன. எனினும் 1927ஆம் ஆண்டின் நாணயச் சட்டம் 18 பென்ஸ் விகிதத்தையே உறுதி செய்தது. கோரிக்கை தோற்றபோதிலும், ஆலை முதலாளியின் நலனை உழவரின் நலனோடு இணைத்துக் காட்டிய காரணத்தால் அது நாடு தழுவிய பிரச்சினையாக மதிக்கப்பட்டது.

சட்டம் வழங்கும் நிலை

1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டத்தின்கீழ் மாகாணச் சட்டசபைகளில் வர்த்தகத்திற்கும் தொழிலுக்கும் தனி இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. சுதந்திர இந்தியாவின் அரசியலமைப்பு வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை அளித்து, இத்தகைய தனித் தொகுதிகளுக்கு முடிவு கட்டியது. அன்றுமுதல் சட்டமியற்றும் மன்றங்களில் வர்த்தக சபைக்கு உரிமையான இருக்கை கிடையாது. தகவலும் தர்க்கமும் நம்பகத்தன்மையுமே அதன் கருவிகள்.

ஜெர்மனியில் வர்த்தக, தொழில் சபைகள் பொதுச் சட்டத்தின்கீழ் அமைந்தவை. தொழில் நிறுவனங்கள் அவற்றில் உறுப்பினராக இருப்பது கட்டாயம். நம் நாட்டில் உறுப்பினராவது அவரவர் விருப்பம். பெரும்பாலான சபைகள் லாப நோக்கற்ற நிறுவனங்களாகவோ சங்கங்களாகவோ பதிவு பெற்றவை. 1956ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டத்தில் இதற்கு 25ஆம் பிரிவு இடமளித்தது. 2013ஆம் ஆண்டின் சட்டத்தில் 8ஆம் பிரிவு இடமளிக்கிறது. உபரி வருமானத்தை உறுப்பினர்களுக்குப் பங்கீவாக வழங்காமல், அமைப்பின் நோக்கங்களுக்கே செலவிட வேண்டும்.

ஆந்திர வர்த்தக சபை தொடர்பான வருமான வரி வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்து, 1965ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்புகளில் இடம்பெற்ற தீர்ப்பு இங்கு குறிப்பிடத்தக்கது. வணிகத்தையும் தொழிலையும் மேம்படுத்துவது பொதுமக்களுக்குப் பயன்படும் நோக்கமே. அதன் பயன் உறுப்பினர்களோடு நின்றுவிடுவதில்லை என்று நீதிமன்றம் கருதியது. பின்னர் 2008ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் இத்தகைய அமைப்புகளின் வணிகத் தன்மையுள்ள நடவடிக்கைகளுக்கு வரம்பு விதித்தது. ஆயினும் தீர்ப்பின் அடிப்படைக் கருத்து கவனத்திற்குரியது. சபையின் பயன் சமுதாயத்திற்குச் சென்று சேர்கிறது என்ற எண்ணமே அதற்குக் கிடைக்கும் மதிப்பின் அடித்தளமாகும்.

கோரிக்கை உருவாகும் விதம்

ஒரு கோரிக்கை மனு ஒரே நாளில் தயாராவதில்லை. உறுப்பினர்களிடமிருந்து வரும் முறையீடுகள் முதலில் வரி, போக்குவரத்து, மின்சாரம், தொழிலாளர், ஏற்றுமதி எனத் துறைவாரியாகப் பிரிக்கப்படுகின்றன. அந்தந்தத் துறைக் குழு அவற்றை ஆராய்கிறது. ஒரு தனி நிறுவனத்தின் தகராறு எது, பலரையும் பாதிக்கும் விதியின் குறைபாடு எது என்று பிரித்தறிவது இக்குழுவின் முதற்பணி. பின்னர் விதியின் எந்த வரி இடையூறு தருகிறது, அதனால் எத்தனை தொழிற்கூடங்கள் பாதிக்கப்படுகின்றன, மாற்று ஏற்பாடு யாது, அதனால் அரசுக்கு ஏற்படும் வருவாய் இழப்பு எவ்வளவு என்ற விவரங்களுடன் மனு வரையப்படுகிறது.

மனுவைக் கொண்டு செல்லப் பல வழிகள் உள்ளன. ஆண்டு வரவு செலவுத் திட்டத்திற்கு முன்னர் நிதியமைச்சகம் வர்த்தக அமைப்புகளின் கருத்துகளைக் கேட்கிறது. ரயில்வேயின் மண்டலப் பயணாளர் ஆலோசனைக் குழுக்களில் வர்த்தக சபைகளின் பிரதிநிதிகள் இடம்பெறுகின்றனர். 2017 ஜூலை 1 அன்று சரக்கு, சேவை வரி நடைமுறைக்கு வந்தது. 2019 டிசம்பரில் கூடிய சரக்கு, சேவை வரி மன்றம், மத்திய, மாநில வரி அலுவலர்களோடு வணிக, தொழில் அமைப்புகளின் பிரதிநிதிகளும் அங்கம் வகிக்கும் குறைதீர்க்கும் குழுக்களை மண்டல அளவிலும் மாநில அளவிலும் அமைக்க முடிவு செய்தது. புதிய வரிமுறையில் சிறு வணிகர் சந்திக்கும் நடைமுறைச் சிக்கல்களை மேலிடத்திற்கு எட்டச் செய்ய இத்தகைய குழுக்கள் வழி வகுக்கின்றன.

வாதாடுவது மட்டுமே சபையின் பணியன்று. ஏற்றுமதிப் பொருள் இந்நாட்டில் உற்பத்தியானதே என்று சான்றளிக்கும் தோற்றச் சான்றிதழ்களை அரசின் அங்கீகாரம் பெற்ற சபைகள் வழங்குகின்றன. வணிகத் தகராறுகளை நீதிமன்றத்திற்கு வெளியே தீர்த்துக்கொள்ள நடுவர் தீர்ப்பு ஏற்பாடுகளைச் சில சபைகள் நெடுங்காலமாக நடத்தி வருகின்றன. புதிய சட்டங்களை விளக்கும் வகுப்புகள், தொழிற் பயிற்சி, கண்காட்சிகள் ஆகியனவும் நடைபெறுகின்றன. இச்சேவைகளின் வாயிலாகச் சபைக்கு வட்டாரத்தின் நாடித்துடிப்பு தெரிகிறது. கோரிக்கைகளுக்கு வேண்டிய விவரங்களும் கிடைக்கின்றன.

புனேயின் அனுபவம்

ஒரு வட்டார சபை எவ்வாறு வளர்ந்தது என்பதை அறியப் புனே நகரின் அனுபவம் உதவும். பேஷ்வாக்களின் தலைநகராக இருந்த புனே, ஆங்கிலேயர் ஆட்சியில் கல்வி நகரமாகவும் ராணுவ முகாமாகவும் பெயர் பெற்றது. பெருந்தொழிலும் துறைமுகமும் பம்பாயிலேயே குவிந்திருந்தன. பம்பாயின் சபைகள் பம்பாயின் நோக்கிலேயே பேசுவது இயல்பு. இந்நிலையில் 1934ஆம் ஆண்டு மராத்தா வர்த்தக, தொழில் சபை புனேயில் நிறுவப்பட்டது. பத்திரிகையாளரும் சிறுதொழில்களின் நலனில் ஆழ்ந்த அக்கறை கொண்டவருமான ஏ. ஆர். பட் அதை நிறுவுவதில் முன்னின்றார். பிற்காலத்தில் வேளாண்மையும் சபையின் பெயரில் இணைந்தது. பம்பாய்க்கு வெளியே உள்ள தொழில்முனைவோருக்குத் தனிக் குரல் தேவை என்பதே இம்முயற்சியின் உட்பொருள்.

சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் புனேயின் தோற்றம் மாறத் தொடங்கியது. 1946இல் கிர்லோஸ்கர் எண்ணெய் எஞ்சின் தொழிற்சாலையும், 1954இல் பிம்ப்ரியில் பொதுத்துறையைச் சேர்ந்த இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் நிறுவனமும் அமைந்தன. 1962இல் மகாராஷ்டிரத் தொழில் வளர்ச்சிக் கழகம் நிறுவப்பட்டு, பிம்ப்ரி, சின்ச்வட், போசரி பகுதிகளில் நிலமும் நீரும் சாலையும் தொழில்களுக்குக் கிடைத்தன. மோட்டார் வாகனப் பெருந்தொழில்கள் வந்தன. அவற்றுக்கு உதிரிப் பாகங்கள் வழங்கும் சிறு தொழிற்கூடங்கள் சுற்றிலும் பெருகின. கிராமங்களாக இருந்த இடம் 1970இல் நகராட்சியாகவும், 1982இல் மாநகராட்சியாகவும் ஆயிற்று. இவ்வளர்ச்சி சபை ஒன்றினால் மட்டும் விளைந்ததன்று. அரசின் கொள்கை, பம்பாயின் அண்மை, பொறியியல் கல்லூரிகள், தேர்ந்த தொழிலாளர் ஆகிய அனைத்தும் இதில் பங்கு பெற்றன. அரசும் பெருந்தொழிலும் சிறுதொழிலும் சந்திக்கும் இடமாகச் சபை இருந்தது என்பதே அதன் சிறப்பு.

இச்சபை காலப்போக்கில் கோரிக்கை வைப்பதோடு நில்லாமல் தானே பொறுப்பேற்கவும் முற்பட்டது. தொழிற்கட்டமைப்பு மேம்பாட்டுத் திட்டம் என்ற மத்திய அரசுத் திட்டம் 2003இல் தொடங்கப்பட்டது. திட்டச் செலவில் 75 சதவீதம் வரை, 50 கோடி ரூபாய் உச்சவரம்புக்கு உட்பட்டு, மத்திய அரசு மானியமாக வழங்கியது. எஞ்சியதில் தொழில்துறையும் தன் பங்கைச் செலுத்த வேண்டும் என்பது விதியாக இருந்தது. இதன்கீழ் சின்ச்வடில் அமைந்த வாகனத் தொழில் தொகுப்பு மையத்தில் மராத்தா சபையும் பிம்ப்ரி சின்ச்வட் மாநகராட்சியும் பங்கு கொண்டன. விலையுயர்ந்த சோதனைக் கருவிகளையும் மாதிரி தயாரிக்கும் இயந்திரங்களையும் ஒரு சிறு பட்டறை தனியே வாங்க இயலாது. பொது மையத்தில் கட்டணம் செலுத்தி அவற்றைப் பயன்படுத்தலாம்.

நகர வாழ்விலும் சபை அக்கறை காட்டியது. அதன் முயற்சியால் 2006இல் ஜன்வாணி என்ற குடிமை அமைப்பு உருவாயிற்று. அடுத்து வந்த ஆண்டுகளில் புனே மாநகராட்சி, தனியார் தொழில் நிறுவனம், குப்பை சேகரிப்போரின் கூட்டுறவு அமைப்பான ஸ்வச் ஆகியவற்றோடு இணைந்து, காத்ரஜ் பகுதியில் குப்பையை வீட்டிலேயே தரம் பிரிக்கும் திட்டத்தை ஜன்வாணி நடத்தியது. 2020இல் கோவிட் பெருந்தொற்று பரவியபோது, தொழில் நிறுவனங்களையும் மருத்துவர்களையும் தன்னார்வ அமைப்புகளையும் நகர நிர்வாகத்தோடு ஒருங்கிணைக்கும் மேடை ஒன்று சபையின் ஆதரவில் இயங்கியது. 2021இன் இரண்டாம் அலையில் ஆக்ஸிஜன் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, ஆயிரக்கணக்கான ஆக்ஸிஜன் செறிவூட்டிகளை வெளிநாட்டிலிருந்து தருவிக்கும் பணியில் இந்த மேடை ஈடுபட்டது. நெருக்கடிக் காலத்தில் ஒரு சில நாட்களில் இத்தகைய ஒருங்கிணைப்பு கைகூடியதற்கு, பல்லாண்டுகளாக நிலவிய தொடர்புகளும் நம்பிக்கையுமே காரணம்.

நலன்கள் மோதும்போது

சபைக்குள்ளேயே நலன்கள் மோதும் தருணங்கள் உண்டு. விற்ற பொருளுக்குத் தொகை தாமதமாகக் கிடைப்பது இதற்குத் தக்க சான்று. பொருளை வாங்கும் பெரிய நிறுவனமும் விற்கும் சிறு தொழிற்கூடமும் பெரும்பாலும் ஒரே சபையின் உறுப்பினர்கள். பெரியவர் செலுத்தும் சந்தா அதிகம். நிர்வாகக் குழுவில் அவருக்குச் செல்வாக்கும் அதிகம். தொகை கிடைக்காத சிறியவரோ அடுத்த ஆணையை இழந்துவிடுவோம் என்று அஞ்சி வாய் திறப்பதில்லை. மூலப்பொருளுக்குக் கடன் வாங்கி வட்டி கட்டுகிறார்; முடியாத நிலையில் பட்டறையை மூடுகிறார். அவரை நம்பிய பத்துக் குடும்பங்களின் வருவாய் நின்றுபோகிறது.

இக்குறையைப் போக்கச் சட்டங்கள் படிப்படியாக வந்தன. தாமதமான தொகைக்கு வட்டி வழங்க 1993இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் இடத்தில் 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டம் வந்தது. எழுத்து மூலமான ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களுக்குள் தொகை செலுத்தப்பட வேண்டும். ஒப்பந்தம் இல்லையெனில் 15 நாட்கள். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மும்மடங்கில் மாதாந்தரக் கூட்டு வட்டி செலுத்த வேண்டும். முறையீடுகளை விசாரிக்க மாநிலங்களில் வசதியாக்க மன்றங்களும் அமைந்தன. எனினும் முறையிடச் சிறு தொழிலதிபரே முன்வர வேண்டியிருந்ததால், அச்சம் அவரைத் தடுத்தது.

2023ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் வேறொரு வழியைக் கையாண்டது. குறு, சிறு தொழில்களுக்கு உரிய தொகையைக் குறித்த காலத்தில் செலுத்தாவிடில், உண்மையில் செலுத்தும் ஆண்டில்தான் அதனைச் செலவாகக் கணக்கில் காட்டலாம் என்ற விதி, 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து நடைமுறைக்கு வந்தது. சிறியவர் முறையிடாமலேயே பெரியவருக்கு வரிச்சுமை ஏறும் ஏற்பாடு இது. ஆனால் துணி வணிகத்தில் நீண்ட கடன் தவணை வழக்கமாக இருந்தமையால், வணிக அமைப்புகள் சில இவ்விதியைத் தள்ளிவைக்கக் கோரின. பதிவு பெற்ற சிறு தொழில்களைத் தவிர்த்துப் பிறரிடம் பொருள் வாங்கத் தலைப்பட்டால் தங்களுக்கே கேடு என்று சிறு தொழில் முனைவோரிலும் ஒரு சாரார் அஞ்சினர்.

இத்தகைய வேளையில் வட்டார சபை மௌனமாக இருந்துவிடுவது எளிது. இரு தரப்பையும் அமர்த்திப் பேசி, எந்தத் தொழிலில் எத்தனை நாள் தவணை வழக்கம், அதை எவ்வாறு குறைப்பது என்று ஆராய்ந்து, உறுப்பினர்களே உரிய காலத்தில் தொகை செலுத்தும் ஒழுங்கை ஏற்கச் செய்வது கடினம். கடினமான இந்தப் பணியைச் செய்யும் சபையே அனைவரின் சார்பிலும் பேசும் தகுதி பெறுகிறது.

குறைபாடுகள்

வர்த்தக சபைகளின் குறைபாடுகளையும் மறைத்தற்கில்லை. தெருவோர வணிகரும் வீட்டில் தொழில் செய்யும் பெண்களும் பதிவு பெறாத சிறு தொழில்களும் பெரும்பாலும் இவற்றில் உறுப்பினர் அல்லர். ஒரே குடும்பங்களும் நிறுவனங்களும் பொறுப்புகளில் மாறி மாறி அமரும் சபைகளும் உண்டு. வரிக் குறைப்பையும் சலுகையையும் கோரும் மனுக்கள் எளிதில் தயாராகின்றன. தொழிலாளர் பாதுகாப்பு, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு ஆகியவற்றில் உறுப்பினர்களின் கடமையை வலியுறுத்தும் தீர்மானங்கள் அரிதாகவே வருகின்றன. ஆற்றில் சாயக் கழிவு கலந்தால் கீழ்ப்பகுதி உழவர் பாதிக்கப்படுவர். அவர்களுக்குச் சபையில் குரல் இல்லை.

ஆகவே, ஒரு சபையின் மனுவைப் பரிசீலிக்கும் அலுவலர் சில கேள்விகளை எழுப்புவது முறை. மனு யாருடைய குறையைக் கூறுகிறது? சபையின் சிறிய உறுப்பினர்கள் கலந்தாலோசிக்கப்பட்டனரா? கூறப்படும் பாதிப்புக்குச் சான்று உள்ளதா? கோரும் சலுகையின் செலவை யார் ஏற்பது? சபையில் இல்லாதவர்க்கு அதனால் என்ன நேரும்? இறுதியாக, அரசு தன் பங்கைச் செய்தால் சபை தன் பங்காக எதைச் செய்யும்? இக்கேள்விகளுக்கு விடை கொண்ட மனு விரைந்த கவனத்திற்கு உரியது. விடையில்லாத மனுவைத் திருப்பி அனுப்பி விவரம் கேட்பது சபைக்கும் நன்மையே.

சபைகளும் இதற்கேற்பத் தம்மைச் சீர்திருத்திக்கொள்ளுதல் வேண்டும். சந்தா விகிதம் சிறியவருக்கு எட்டக்கூடியதாக இருத்தல், நிர்வாகக் குழுவில் சிறு தொழில்களுக்கும் பெண் தொழில்முனைவோருக்கும் இடம் அளித்தல், பொறுப்புகளுக்குக் கால வரம்பு விதித்தல், அரசுக்கு அளிக்கும் மனுக்களை வெளிப்படையாக வெளியிடுதல் ஆகியன இதற்கு வழிகள். திட்டங்கள் தலைநகரில் தீட்டப்பட்டாலும், அவை பயன் தருவது மாவட்டத்திலும் வட்டாரத்திலும்தான். அங்குள்ள உண்மை நிலையைக் கூட்டாமல் குறைக்காமல் எடுத்துரைத்து, ஆகவேண்டிய பணியில் தானும் தோள் கொடுக்கும் சபை, உறுப்பினர்களின் நலனோடு வட்டாரத்தின் நலனையும் வளர்க்கும். அத்தகைய சபையின் குரலுக்குச் செவிசாய்ப்பது ஆட்சித் துறைக்கும் கடமையாகும்.